துவிச்சக்கரவண்டி விளக்கின் கதை

மின்கம்பங்கள் வரிசையாக நின்று ஒளிவீசும் நகரத் தெருவிலே, துவிச்சக்கரவண்டியின் விளக்கைப்பற்றி எவரும் அதிகம் சிந்திப்பதில்லை. பட்டினத்தை விட்டு நீங்கிப் பனங்கூடலை ஊடறுத்துச் செல்லும் ஒழுங்கையிலோ, குளக்கட்டின்மேற் செல்லும் கிரவல் வீதியிலோ, அமாவாசையிரவில் வண்டி மிதிப்பவருக்கு நிலைமை வேறு. மழை அரித்த குழி, வீதியின் நடுவே படுத்திருக்கும் மாடு, எதிரே விளக்கின்றி வரும் இன்னொரு வண்டி, பின்னாற் கடுகி வரும் பாரவண்டி ஆகிய இவை யாவற்றுக்கும் அவருக்குக் காவலாக நிற்பது ஒரு சிறு விளக்கே.

இந்த விளக்குக்கு இரு கடமைகள் உள. வண்டியிற் செல்பவருக்கு வழியைக் காட்டுதல் ஒன்று. வண்டியிற் செல்பவரைப் பிறருக்குக் காட்டுதல் மற்றொன்று. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும் ஒன்றல்ல. தம்மைப் பிறருக்குக் காட்டுவதற்கு ஒரு மினுங்கலே போதும். குழியைக் காண்பதற்கு அது போதாது. சென்ற 150 ஆண்டுக்காலத் துவிச்சக்கரவண்டி விளக்கின் வரலாறு, இவ்விரு கடமைகளையும் ஒருங்கே நிறைவேற்ற மனிதர் செய்த முயற்சிகளின் வரலாறாகும். அதனூடே மூன்றாவது வினா ஒன்றும் தொடர்ந்து வருகின்றது. அவ்விளக்கின் செலவை யார் தாங்குவது என்பதே அது. துவிச்சக்கரவண்டி பெரும்பாலும் பொருள் குறைந்தோரின் ஊர்தியாதலால், அவர்களின் கைக்கெட்டாத விளக்கு எத்துணைச் சிறந்ததாயினும் வீதியின் இருளைப் போக்கியதாகாது. இவ்வரலாற்றைச் சிறிது நோக்குவோமாயின், இன்று கடையிலே விளக்கு வாங்க நிற்பவருக்கும் அதனாற் பயனுண்டு.

1870களில் இங்கிலாந்தில் ஓடிய துவிச்சக்கரவண்டி இன்றைய வண்டியைப் போன்றதன்று. ஏறத்தாழ ஐந்தடி உயரமான முன்சில்லும், அதன் பின்னே மிகச் சிறியதொரு சில்லும் கொண்டது அது. முன்சில்லு ஒரு கல்லில் மோதினால், உச்சியில் அமர்ந்திருப்பவர் தலைகீழாக முன்னே வீசப்படுவார். ஆதலின் இருளில் அவ்வண்டியைச் செலுத்துதல் பேராபத்தாயிற்று. வீதியை நன்கு காட்டவேண்டுமாயின் விளக்கு நிலத்துக்கு அண்மையில் இருத்தல் வேண்டும். எனவே, பெருஞ்சில்லின் ஆரைக்கம்பிகளுக்கிடையே, சில்லின் அச்சிலே தொங்கும்படி எண்ணெய் விளக்கொன்றை அமைத்தனர். சில்லுச் சுழலும், அச்சில் தொங்கும் விளக்கோ, நிறையால் நேராகவே நிற்கும்.

அத்தகைய விளக்குகளிற் பெயர்பெற்றது, பர்மிங்காம் நகரத்து யோசேப்பு லூக்காஸ் என்பார் 1870களின் இறுதியில் வெளியிட்ட 'கிங் ஒஃப் த றோட்' விளக்காகும். 'வீதியின் வேந்தன்' என்பது அதன் பொருள். லூக்காஸ் பெருஞ்செல்வர் மரபில் வந்தவரல்லர். ஆறு பிள்ளைகளின் தந்தையாய், தொழிலின்றி நின்ற காலத்தில், தள்ளுவண்டியில் மண்ணெண்ணெய் வைத்துத் தெருத்தெருவாக விற்றவர். எண்ணெய் விற்றவர் விளக்குச் செய்யத் தொடங்கினார். விளக்குச் செய்தவரின் தொழிலகம் பிற்காலத்தில் மோட்டார் வாகன மின்கருவிகளுக்கு உலகெங்கும் பெயர்பெற்றது. பழைய இங்கிலாந்து மோட்டார்களின் முகவிளக்கில் 'லூக்காஸ்' என்ற பெயரைக் கண்டவர் நம்மிடையேயும் பலர் உளர்.

எண்ணெய் விளக்கின் குறைகள் சொல்லாமலே விளங்கும். காற்றடித்தால் அணையும், வண்டி குலுங்கினால் திரி புகையும், கண்ணாடியிற் கரி படியும். அதன் ஒளியோ சில அடி தூரத்துக்கு அப்பாற் செல்லாது. எனினும் சட்டம் அவ்வொளியையே போதுமெனக் கொண்டது. 1888 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நிறைவேறிய உள்ளூராட்சிச் சட்டத்தின் 85 ஆம் பிரிவு, துவிச்சக்கரவண்டியும் ஒரு வண்டியே என ஏற்று அதற்கு வீதியில் உரிமை நல்கியது. அவ்வுரிமையோடு ஒரு கடமையையும் விதித்தது. ஞாயிறு மறைந்து ஒரு மணி நேரத்தின் பின்னரும், ஞாயிறு உதிப்பதற்கு ஒரு மணி நேரத்தின் முன்னரும் வண்டி செலுத்துவோர், செல்லுந் திசையை நோக்கி ஒளிவீசும் விளக்கொன்றைக் கொண்டிருத்தல் வேண்டும் என்பதே அக்கடமை.

இங்கே கூர்ந்து நோக்கற்பாலது ஒன்றுண்டு. வண்டியின் வரவையும் அது நிற்கும் இடத்தையும் பிறருக்கு அறிவிப்பதற்காகவே அவ்விளக்கைச் சட்டம் கேட்டது. வண்டியிற் செல்பவர் குழியைக் காண்கின்றாரா இல்லையா என்பதுபற்றி அது கவலைகொள்ளவில்லை. அன்றியும், குதிரைவண்டி முதலிய எல்லா வண்டிகளுக்கும் நாடு முழுவதும் விளக்கைக் கட்டாயமாக்கும் சட்டம் 1907 ஆம் ஆண்டிலேயே வந்தது. அதுவரையும், பல ஊர்களிலே விளக்கின்றிச் சென்ற பெருவண்டிகளின் நடுவே, விளக்கில்லாக் குற்றத்துக்காகத் தண்டம் செலுத்தியவர் சைக்கிளிற் சென்றவரே. இவ்வேற்றுமை அக்காலத்துச் சைக்கிளோட்டிகளின் நெடுநாள் மனக்குறையாக இருந்தது.

இதற்கிடையில் வண்டியின் வடிவமும் மாறிற்று. 1885 ஆம் ஆண்டில் கொவென்றி நகரத்து யோன் கெம்ப் ஸ்ராளி என்பார், ஒத்த அளவான இரு சில்லுகளும் சங்கிலியும் உடைய 'றோவர்' வண்டியை வெளியிட்டார். 1888 இல் பெல்பாஸ்ற் நகரத்தில் டன்லப் என்பார் காற்றடைத்த ரயரை ஆக்கினார். வண்டி பாதுகாப்பும் விரைவும் பெற்றது. விரைவு கூடவே, பழைய எண்ணெய் விளக்கு போதாமற்போயிற்று.

அக்குறையை நிறைவு செய்தது இரசாயனவியல். கல்சியம் காபைட்டு என்னும் சாம்பல் நிறக் கல்லின்மேல் நீர் பட்டால் அசற்றலீன் வாயு பிறக்கும் என்பதை ஜேர்மானிய அறிஞர் பிரீட்றிக் வோலர் 1862 ஆம் ஆண்டிலேயே அறிந்திருந்தார். ஆயினும் அக்கல்லை மலிவாகப் பெருமளவில் ஆக்கும் வழி, 1892 ஆம் ஆண்டில் வட அமெரிக்காவிலே தோமஸ் வில்சன் என்பார் மின்னுலையைக் கையாண்டபோதே கிடைத்தது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் காபைட்டு விளக்குகள் சைக்கிள்களில் ஏறின. மாம்பழத்தையும் வாழைப்பழத்தையும் காலத்துக்கு முன் பழுக்கவைக்க முறைகேடாகப் பயன்படுத்தப்படும் கல்லென்று நம்மவர் அறிந்துள்ளது இதுவே.

காபைட்டு விளக்கின் அமைப்பு எளிது. மேலறையில் நீர், கீழறையிற் கல். சிறு திருகொன்றைத் திறந்தால் நீர் துளித்துளியாகக் கல்லின்மேல் விழும். எழும் வாயு ஒரு சிறு குழாய்வாயில் எரிந்து, எண்ணெய்த் திரியினும் பன்மடங்கு வெண்மையான ஒளியைத் தரும். துவிச்சக்கரவண்டி விளக்கு வழியைக் காட்டுதலாகிய கடமையைச் செம்மையாகச் செய்யத் தொடங்கியது இக்காலத்திலேதான் என்று கூறலாம். ஆனால் அதற்கும் குறைகள் இருந்தன. வாயுவின் நாற்றம் பொறுத்தற்கரியது. குளிர்நாட்டில் நீர் உறைந்துபோகும். வீடு திரும்பியதும் கீழறையில் எஞ்சிய சுண்ணாம்புச் சேற்றை நாள்தோறும் கழுவவேண்டும். நாள் முழுதும் உழைத்துக் களைத்தவருக்கு இது இன்னொரு வேலையாயிற்று. ஒளி மிகுந்த விளக்கு மட்டும் போதாது, தொல்லை குறைந்த விளக்கும் வேண்டும் என்ற உண்மை அன்றே புலனாயிற்று.

அடுத்து வந்தது மின்சாரம். 1880களிற் செப்பமுற்ற உலர் மின்கலம், அந்நூற்றாண்டின் இறுதியில் கைவிளக்குக்கு உயிரளித்தது. ஆனால் சைக்கிள் விளக்குக்கு அது நெடுங்காலம் உதவவில்லை. தொடக்க காலத்துப் பற்றரி விளக்குகள் இரண்டு அல்லது மூன்று மணி நேரத்தில் ஒளி மங்கின. நாள்தோறும் வேலைக்குச் செல்பவர் அதற்கேற்பப் பற்றரி வாங்க இயலுமா?

இவ்வினாவுக்கு விடை யப்பானிலிருந்து வந்தது. மற்சூசித்தா கொனொசுக்கே என்பவர் இளமையில் ஒசாக்கா நகரத்தில் ஒரு சைக்கிள் கடையிலே வேலை பழகியவர். அந்நாளில் அங்கு மெழுகுதிரி விளக்குகளே வழக்கிலிருந்தன. சிறு காற்றுக்கும் அவை அணைந்துவிடும். இறங்கி மீண்டும் மீண்டும் ஏற்றவேண்டும். 1918 ஆம் ஆண்டிற் சிறு தொழிலகமொன்றை நிறுவிய மற்சூசித்தா, ஏறத்தாழ ஆறு மாதங்கள் முயன்று, நூற்றை நெருங்கும் மாதிரிகளைச் செய்து பார்த்தபின், 1923 ஆம் ஆண்டில் துப்பாக்கிச் சன்னத்தின் வடிவிலமைந்த பற்றரி விளக்கொன்றை வெளியிட்டார். அது 30 மணி நேரத்துக்கு மேல் எரிந்தது.

வணிகர்கள் அவ்விளக்கை நம்பவில்லை. பற்றரி விளக்கு என்றாலே ஏமாற்று என எண்ணியிருந்தனர். ஆகவே, மற்சூசித்தா சில்லறைக் கடைகளுக்கு விளக்குகளைக் காசு வாங்காமலே அனுப்பினார். ஒவ்வொரு கடையிலும் ஒரு விளக்கை ஏற்றிவைத்து, "எத்தனை மணி நேரம் எரிகின்றதென நீங்களே கணக்கிடுங்கள், திருப்தியாயின் பணம் தாருங்கள்" என்னும் முறையில் வணிகம் செய்தார். விளக்குகள் எரிந்தன; விற்பனையும் பெருகிற்று. 1927 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட சதுர விளக்கே 'நாஷனல்' என்ற பெயரைத் தாங்கிய முதற்பொருள். அப்போதும் 10,000 விளக்குகளை அவர் இலவசமாக வழங்கினார். பிற்காலத்தில் நம் நாட்டு இல்லங்களிலும் அறிமுகமான அப்பெரிய நிறுவனத்தின் தொடக்கம், ஏழையின் சைக்கிளில் அணையாத விளக்கொன்று வேண்டும் என்ற எண்ணத்திலே தங்கியிருந்தது. விளம்பர வார்த்தையை நம்பாது, விளக்கை ஏற்றிவைத்து மணிக்கூட்டைப் பார்க்கும் அந்த ஒசாக்காக் கடைக்காரரின் முறை இன்றும் நமக்குப் பொருந்தும். அதனைப் பின்னர்க் காண்போம்.

பற்றரிக்கு மாற்றாக நின்றது டைனமோ. காந்தத்தினருகே கம்பிச்சுருளை அசைத்தால் மின்னோட்டம் பிறக்கும் என்பதை 1831 ஆம் ஆண்டில் மைக்கேல் பரடே காட்டினார். அவ்வுண்மையைச் சிறு போத்தல் வடிவில் அடக்கி, ரயரின் பக்கத்தில் உரசிச் சுழலும்படி செய்ததே நாமறிந்த சைக்கிள் டைனமோ. ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் 1923 ஆம் ஆண்டில் டைனமோ விளக்கை விற்பனைக்கு விட்டது. 1930களின் நடுவில், நொட்டிங்காம் நகரத்து ஸ்ரேமி ஆச்சர் நிறுவனம், டைனமோவைச் சில்லின் குடத்துக்குள்ளேயே அடக்கிய 'டைனோகப்' என்பதை ஆக்கியது.

டைனமோவின் பெருமை, அதற்கு நாட்செலவு இல்லை என்பதே. ஒருமுறை வாங்கினால், மிதிப்பவரின் காலே அதற்கு எண்ணெயும் பற்றரியுமாகும். அதன் குறைகளையும் நம்மிற் பலர் அநுபவித்துள்ளனர். உரசும் டைனமோ மிதிப்பதைக் கடினமாக்கும், மழையில் வழுக்கும், மேட்டில் வேகம் குறைய ஒளி மங்கும், வண்டி நின்றால் விளக்கும் அணையும். நடுவீதியில் வலப்புறம் திரும்புவதற்காக நிற்கும் வேளையில் விளக்கு அணைவது எத்துணை ஆபத்தென்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. வழமையான டைனமோவின் ஆற்றல் 6 வோல்ற்றில் 3 வாற்று. அக்காலத்து இழைக்குமிழ் அந்த ஆற்றலின் பெரும்பகுதியை வெப்பமாகவே இழந்தது.

இதுவரை முன்விளக்கைப்பற்றியே கூறினோம். இனிப் பின்விளக்கின் கதையைக் கேளுங்கள். அது வெறும் பொறியின் கதையன்று, நீதியைப்பற்றிய வழக்கு.

மோட்டார் வாகனங்கள் பெருகிய 1920களிலும் 1930களிலும், சைக்கிளின் பின்னே சிவப்பு விளக்குக் கட்டாயமாதல் வேண்டுமென இங்கிலாந்தில் மோட்டார்காரர் பலர் வற்புறுத்தினர். 1878 ஆம் ஆண்டில் தோன்றிய சைக்கிளோட்டிகளின் பயணச் சங்கம் இதனை வன்மையாக எதிர்த்தது. அவர்களின் வாதம் இதுவாகும்: தாம் காணக்கூடிய தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்திலேயே மோட்டாரைச் செலுத்துதல் செலுத்துபவரின் கடமை. வீதியிலே சைக்கிள் மட்டுமா இருக்கும்? நடந்து செல்பவர் உளர்; ஆடு மாடு உள. அவை யாவும் சிவப்பு விளக்கைச் சுமக்க இயலுமா? பின்விளக்கைக் கட்டாயமாக்கினால், மோதியவரின் பொறுப்பு மோதப்பட்டவரின் தலையிற் சுமத்தப்படும். விளக்கு அணைந்திருந்தால் இறந்தவரே குற்றவாளியாவார்.

இவ்வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அதனால் நெடுங்காலம் ஓர் இடைவழியே நிலவியது. பின்விளக்குக்குப் பதிலாகச் சிவப்புத் தெறிகண்ணாடி பொருத்தலாம் என்றும், பின்பக்க மட்காட்டின் நுனியில் வெள்ளை வர்ணம் பூசவேண்டும் என்றும் ஏற்பாடாயிற்று. நம் நாட்டிலோடிய பழைய 'றலி' வண்டிகளின் பின்மட்காட்டிலே வெள்ளைப் பட்டை காணப்பட்டதன் காரணம் இதுவே. அலங்காரத்துக்காகத் தீட்டியதன்று அது. பெரியதொரு வழக்கின் எச்சம்.

அவ்வழக்கைத் தீர்த்தது போர். 1939 ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாந் திகதி பிரித்தானியாவில் இருட்டடிப்பு நடைமுறைக்கு வந்தது. தெருவிளக்குகள் அணைக்கப்பட்டன, வாகன விளக்குகள் மூடியிடப்பட்டன. விளைவு கொடிது. 1938 ஆம் ஆண்டில் வீதி விபத்துகளில் மாண்டோர் 6,600க்குச் சற்று மேற்பட்டோர். 1941 ஆம் ஆண்டில் அத்தொகை 9,169 ஆயிற்று. எரிபொருட் பங்கீட்டால் வாகனங்கள் குறைந்திருந்த காலத்திலே, இருள் ஒன்றே இத்துணை உயிர்களைக் குடித்தது. போர்க்காலத்தில் அவசியமெனக் கண்ட பின்விளக்கு, 1945 ஆம் ஆண்டின் சட்டத்தினால் நிலையான கட்டாயமாயிற்று. சைக்கிளோட்டிகளின் வாதம் நியாயத்திற் பிழையானதன்று. ஆனால் நியாயம் தம் பக்கம் இருப்பதனால் மட்டும் இருளில் உயிர் தப்பிவிடாது என்பதைக் காலம் காட்டிற்று.

நமது நாட்டிலும் டைனமோவுக்கு மறக்கவொண்ணாத ஓர் அத்தியாயம் உண்டு. 1990 ஆம் ஆண்டிற் போர் மீண்டும் மூண்டபின், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் வருவது நின்றது. எரிபொருள் கிடைத்தற்கரிதாயிற்று, பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள்களின் வரிசையிற் சேர்ந்தது. மோட்டார் வாகனங்கள் ஓய, மருத்துவர், ஆசிரியர், கமக்காரர் யாவருக்கும் துவிச்சக்கரவண்டியே ஊர்தியாயிற்று. வீடுகளில் ஜாம் போத்தலுக்குள் திரியிட்ட சிறு விளக்கு எரிந்தது. அந்நாளில் உலகச் செய்தியை அறிய மக்கள் கண்ட வழி வியத்தற்குரியது. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, வீட்டிலுள்ள இளையவர் ஒருவர் பெடலைச் சுழற்றுவார். டைனமோவில் பிறக்கும் ஆடலோட்டத்தை இருவாயிகளால் நேரோட்டமாக்கி வானொலிப் பெட்டிக்குச் செலுத்துவர். மற்றையோர் சூழ்ந்திருந்து செவிமடுப்பர். மிதிப்பு நின்றாற் செய்தியும் நிற்கும். விளக்குக்கென ஆக்கிய 3 வாற்றுக் கருவி, இருண்ட வீடுகளுக்கு உலகின் குரலைக் கொண்டுவந்தது. வானொலி நேயர்கள் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி இது.

இறுதியாக நம் காலத்துக்கு வருவோம். 1962 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் நிக் கொலோனியாக் சிவப்பு ஒளி தரும் ஒளிகாலும் இருவாயியை ஆக்கினார். நாம் எல்.ஈ.டி. என வழங்குவது இதனையே. நீல ஒளி தருவதை 1990களின் தொடக்கத்தில் யப்பானிய அறிஞர் மூவர் செம்மைப்படுத்தினர். அதனின்று வெள்ளொளி பிறந்தது. 2014 ஆம் ஆண்டின் பௌதிகவியல் நொபெல் பரிசு அகசாக்கி, அமனோ, நக்கமூரா என்னும் அம்மூவருக்கும் உரித்தாயிற்று. இழைக்குமிழ் ஒரு வாற்றுக்கு ஏறத்தாழ 10 லூமென் ஒளி தர, நல்ல எல்.ஈ.டி. 100 லூமெனுக்கு மேல் தருகின்றது. இதனுடன் 1991 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த லிதியம் அயன் பற்றரியும் சேர, பழைய செல்வரும் காணாத ஒளி இன்று எளியவரின் கைக்கு எட்டியுள்ளது.

ஒளி மலிந்தவுடன் பொய்யும் மலிந்தது. "5,000 லூமென், ஐந்து மணி நேரம்" என்று பெட்டியில் அச்சிட்ட விளக்குகள் குறைந்த விலைக்கு விற்கப்படுகின்றன. இதனை அறிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. பெருக்கல் தெரிந்தாற் போதும். விரலினுஞ் சற்றுப் பருத்த, 18650 என்னும் எண்ணுடைய மின்கலமொன்று, மிகச் சிறந்ததாயினும், ஏறத்தாழ 3,500 மில்லியம்பியர்-மணி கொள்ளும். 9,900 என அதில் அச்சிட்டிருந்தால் அது மெய்யன்று. 3.6 வோல்ற்றாற் பெருக்கினால் 12 வாற்று-மணியளவு கிடைக்கும். வாற்றொன்றுக்கு 100 லூமென் எனக் கொண்டால், 400 லூமென் ஒளியை மூன்று மணி நேரம் பெறலாம். அதற்குமேற் கூறுவோர் கணக்கை மீறுகின்றனர். ஐயமிருப்பின், ஒசாக்காக் கடைக்காரர் செய்ததுபோல விளக்கை ஏற்றிவைத்து மணிக்கூட்டைப் பாருங்கள்.

இனி, வரலாறு கற்பித்தவற்றைக் கொண்டு, குறைந்த பணத்தில் விளக்குத் தேடுவோருக்குச் சில கூறுவோம்.

முதலாவது, பின்விளக்கை முதலில் வாங்குக. முன்னே உள்ள ஆபத்தை ஓரளவேனும் நாம் காண்போம். பின்னே வருவதைக் காண்பவர் பிறரே. சிறியதொரு சிவப்பு எல்.ஈ.டி. விளக்கு மிகக் குறைந்த செலவினது, நெடுந்தூரம் தெரிவது. அதனோடு சிவப்புத் தெறிகண்ணாடியும் இருத்தல் வேண்டும். விளக்கின் பற்றரி தீர்ந்தாலும் கண்ணாடி தீராது. ஆயினும் கண்ணாடியை மட்டும் நம்புதல் தகாது. வருகின்ற வாகனத்தின் ஒளி தன்மேல் விழும்போதே அது மின்னும். விளக்குக் கெட்ட வாகனத்துக்கு அது இருளே.

இரண்டாவது, முன்விளக்கின் வேலையை அளந்து அறிக. மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்திற் செல்பவர் ஒரு செக்கனில் ஐந்தரை மீற்றர் கடக்கின்றார். குழியைக் கண்டு, பிரேக்கைப் பிடித்து, நிற்பதற்கு 12 முதல் 15 மீற்றர் வேண்டும். மணற்பாங்கான வீதியில் இன்னும் அதிகம். ஆகவே 20 மீற்றர் தூரத்தைத் தெளிவாகக் காட்டும் விளக்கு அவசியம். அதற்கு 300 முதல் 400 லூமென் மெய்யான ஒளி, நன்கு குவிந்திருப்பின், போதுமானது.

மூன்றாவது, ஒளியின் அளவினும் அது விழும் இடமே பெரிது. ஜேர்மனியில் நெடுங்காலம் சைக்கிளுக்கு டைனமோவே கட்டாயமாயிருந்தது. 2013 ஆம் ஆண்டிலேயே பற்றரி விளக்குப் பொதுவாக அனுமதிக்கப்பட்டது. மோட்டார் முகவிளக்கைப்போல ஒளியின் மேற்பகுதி வெட்டப்பட்டு, வீதியின்மீதே விழவேண்டும் என்பது அந்நாட்டு விதியின் நோக்கம். அத்தகைய விளக்குக் கிடைக்குமாயின் அதுவே சிறந்தது. கிடையாவிடின், உள்ள விளக்கைச் சிறிது கீழ்நோக்கிச் சாய்த்துப் பூட்டுக. எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும் விளக்கு, அவரை நம்மீது மோதச் செய்யவுங்கூடும். இருண்ட வீதியிலே முன்விளக்கை மினுக்கிமினுக்கி எரியவிடுதலும் நன்றன்று. தூரத்தை மதிப்பிடுவது இருசாராருக்கும் கடினமாகும்.

நான்காவது, நாட்செலவை எண்ணுக. கழற்றி எறியும் பற்றரியை மாதந்தோறும் வாங்குவதினும், கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் கம்பியினாலேயே மின்னேற்றக்கூடிய விளக்கு ஆண்டின் முடிவில் மலிவாகும். மழைநீர் புகாத மூடி உளதா என்பதையும் நோக்குக. நாள்தோறும் நெடுந்தூரம் இரவிற் செல்பவருக்கோ டைனமோ இன்னும் தக்கதே. இக்காலத்துக் குட டைனமோவுடன் எல்.ஈ.டி. விளக்கைச் சேர்த்தால், பழைய 3 வாற்று ஆற்றலே முன்னையினும் பலமடங்கு ஒளி தரும். வண்டி நின்ற பின்னும் சில நிமிடம் ஒளிரும் விளக்குகளும் உள.

இவற்றுள் எதற்கும் பணம் போதாதவர் என்செய்வார்? பின்னே ஒரு சிறு சிவப்பு விளக்கு, பெடல்களில் மஞ்சள் நிறத் தெறிகண்ணாடி, மட்காட்டில் வெள்ளை வர்ணம், உடலில் வெண்ணிற மேற்சட்டை ஆகிய இவையேனும் இருக்கட்டும். பெடலோடு மேலும் கீழும் அசையும் மஞ்சள் ஒளி, 'இங்கே ஒரு மனிதர் செல்கின்றார்' என்பதை மோட்டாரில் வருபவருக்கு உடனே உணர்த்தும்.

நேயர்களே, விளக்கில்லாமல் இரவில் வண்டி செலுத்துதல் சட்டப்படி குற்றம் என்பதை நாம் அறிவோம். பிள்ளைகளுக்கும் அதனை எடுத்துரைத்தல் வேண்டும். அதே வேளையில், அக்காலத்துச் சைக்கிளோட்டிகள் எழுப்பிய வினா இன்னும் உயிரோடு இருக்கின்றது என்பதையும் மறத்தலாகாது. மாலை வகுப்பு முடிந்து வீடு திரும்பும் மாணவியும், விடியுமுன் சந்தைக்கு மரக்கறி ஏற்றிச் செல்லும் கமக்காரரும் தம் விளக்கைத் தாமே வாங்கிப் பொருத்துவர். அவ்விளக்கைக் கண்டு வேகத்தைத் தணிக்கும் கடமை, மோட்டாரின் சக்கரத்தைப் பிடித்திருப்பவருடையது. சைக்கிளின் விளக்கு தரக்கூடியது எச்சரிக்கை ஒன்றே. அதற்குச் செவிசாய்ப்பவர் மறுபுறத்தில் இருந்தாலன்றி அது காவலாகாது.